பழைய ஃபைல் மட்டும் திணறுகிறதா? எஸ்எஸ்டி வைத்திருப்போருக்குச் சில குறிப்புகள்

கம்ப்யூட்டர் பத்தே விநாடியில் எழுந்துவிடுகிறது. பிரவுசர் உடனே திறக்கிறது. போன வாரம் எடுத்த படங்கள் சடசடவென்று வருகின்றன. ஆனால் நாலைந்து வருடத்துக்கு முன் போட்டு வைத்த காதுகுத்து வீடியோவைக் காப்பி எடுக்கப் போனால் பச்சைக் கோடு நகர மாட்டேன் என்கிறது. வைரஸா, விண்டோஸ் கோளாறா என்று குழம்புவோர் பலர். ‘டிரைவ் போயிடுச்சு சார், மாத்திடுங்க’ என்று சொல்லும் கடைக்காரரும் உண்டு. எஸ்எஸ்டிக்கே உரிய ஒரு குணம் இது. டிரைவை மாற்றுவதற்கு முன் வீட்டிலேயே செய்து பார்க்கக் கூடியவை நிறைய இருக்கின்றன.

1. எதையும் தொடங்கும் முன் முக்கியமானவற்றை வேறொரு ஹார்ட் டிஸ்கில் பேக்கப் எடுத்து வையுங்கள். மெதுவாகத்தான் வரும், வரட்டும். இரவு போட்டுவிட்டுத் தூங்கப் போகலாம். கீழே வருபவற்றில் பாதி, டிரைவில் உள்ளதைத் திரும்ப எழுதும் வேலை. நடுவில் கரண்ட் போனால் கைவசம் இன்னொரு பிரதி இருக்க வேண்டும்.

2. ஏன் இப்படி ஆகிறது என்று தெரிந்துகொண்டால் பாதிக் கவலை குறையும். எஸ்எஸ்டியில் சுழலும் தட்டு கிடையாது. நுண்ணிய செல்களில் மின்னூட்டத்தை அடைத்து வைத்துத்தான் தகவல் சேமிக்கப்படுகிறது. ஒரு செல்லில் ஒரே ஒரு பிட் வைத்த காலத்தில், மின்னூட்டம் உண்டா இல்லையா என்ற இரண்டே நிலைகளைப் பிரித்தால் போதும். இன்று வீட்டுக்கு வாங்கும் டிரைவ்களில் பெரும்பாலானவை டிஎல்சி வகை: செல்லுக்கு 3 பிட், பிரித்தறிய 8 நிலைகள். விலை குறைந்த க்யூஎல்சியில் 4 பிட், 16 நிலைகள்.

ஒரு மண்பானையின் உட்புறம் எட்டுக் கோடு கிழித்து, ஐந்தாம் கோடு வரை தண்ணீர் நிரப்பி வைத்ததாக வைத்துக்கொள்ளுங்கள். நாளாக ஆகக் கசிந்து, மட்டம் ஐந்துக்கும் நான்குக்கும் நடுவே வந்து நிற்கும். டிரைவின் கன்ட்ரோலருக்கு அது எந்தக் கோடு என்று சந்தேகம் வந்துவிடும். படிக்கும் அளவைச் சற்றே இறக்கி மறுபடி படிக்கும், பிழைதிருத்தக் கணக்கைப் போட்டுப் பார்க்கும், ஒத்துவராவிட்டால் இன்னொரு தடவை படிக்கும். தகவல் கடைசியில் சரியாகவே வந்து சேர்ந்துவிடும். ஒரே தடவையில் முடிய வேண்டிய வேலை பல தடவை நடப்பதால் வேகம் மட்டும் படுத்துவிடுகிறது. போன வாரம் எழுதிய செல்லில் இந்தத் தொல்லை இல்லாததால் புது ஃபைல் பறக்கிறது.

3. இந்தக் குணத்தை ஊரறியச் செய்தது சாம்சங்கின் 840 ஈவோ. 2013-இல் வந்த டிரைவ், 19 நானோமீட்டர் டிஎல்சி செல்கள். விநாடிக்கு 540 எம்பி வரை படிக்கும் என்று சொல்லி விற்றார்கள். 2014-இல், சில மாதங்களுக்கு முன் எழுதிய ஃபைல்கள் மட்டும் 100 எம்பிக்கும் கீழே இறங்குவதை வாங்கியவர்களே கண்டுபிடித்தார்கள். சாம்சங் ஒப்புக்கொண்டது. அந்த அக்டோபரில் புது ஃபர்ம்வேரும், டிரைவில் உள்ளதை எல்லாம் ஒருமுறை திரும்ப எழுதும் கருவியும் வந்தன. சில மாதம் நன்றாக ஓடியது, பிறகு பழையபடி. 2015 ஏப்ரலில் இரண்டாவது ஃபர்ம்வேர் வந்தது. இதில், டிரைவ் சும்மா இருக்கும் நேரத்தில் தானாகவே பழைய தகவலை எடுத்துப் புதிதாக எழுதிக்கொள்ளும் ஏற்பாடு. கசிவை நிறுத்த வழியில்லை, அவ்வப்போது திரும்ப எழுதத்தான் முடியும் என்று தயாரிப்பாளரே ஏற்றுக்கொண்டதாகத்தான் இதை நான் படிக்கிறேன். அடுத்து வந்த 850 ஈவோவில் செல்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கும் முறைக்கு மாறினார்கள். செல்களை அவ்வளவு சிறிதாக நெருக்க வேண்டிய தேவை போனதால் தொல்லையும் வெகுவாகக் குறைந்தது. 840 ஈவோ இன்னமும் பழைய லேப்டாப்களோடு கைமாறிக்கொண்டிருக்கிறது. உங்களிடம் இருந்தால் முதல் வேலை ஃபர்ம்வேரைச் சரிபார்ப்பது.

4. உங்கள் டிரைவுக்கு இந்தக் குறை உண்டா என்று பார்க்கத் தனிக் கருவி வேண்டியதில்லை. இரண்டு மூன்று ஆண்டுகளாகத் தொடாத ஒரு பெரிய வீடியோ ஃபைலையும், அதே அளவில் சமீபத்தில் எழுதிய இன்னொன்றையும் தேர்ந்தெடுங்கள். கம்ப்யூட்டரை ரீஸ்டார்ட் செய்துவிட்டு, இரண்டையும் வேறொரு வேகமான டிரைவுக்குக் காப்பி செய்து வேகத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். ரீஸ்டார்ட் அவசியம். ஒருமுறை படித்த ஃபைலை விண்டோஸ் ரேமில் வைத்துக்கொள்ளும், இரண்டாம் தடவை எஸ்எஸ்டியைத் தொடாமலேயே ரேமிலிருந்து கொடுத்துவிடும். புது ஃபைல் 400 எம்பி, பழையது 60 எம்பி என்று வந்தால் சந்தேகமே வேண்டாம். இரண்டும் மெதுவாக இருந்தால் நோய் வேறு. 6-ஆம் குறிப்பைப் பாருங்கள்.

5. கிரிஸ்டல் டிஸ்க்மார்க் போன்ற வேகச் சோதனை மென்பொருள்களை இந்த விஷயத்தில் நம்பாதீர்கள். அவை தாமே ஒரு ஃபைலை அப்போதே எழுதி, அப்போதே படித்துப் பார்க்கின்றன. சுடச்சுட எழுதியது வேகமாகத்தான் வரும். 840 ஈவோ வெளிவந்தபோது அதைப் பாராட்டிய விமர்சனங்களில் இந்தக் குறை அகப்படாமல் போனதற்கும் காரணம் இதுவே: புது டிரைவில் பழைய தகவல் ஏது?

எச்டி டியூன் மாதிரி, டிரைவை முதலிலிருந்து கடைசி வரை படித்து வரைபடம் போடும் மென்பொருள்கள் பரவாயில்லை. கோடு ஓர் இடத்தில் குழியாக விழுந்தால் அங்கே பழைய தகவல் கிடக்கிறது என்று ஊகிக்கலாம். அதிலும் ஒரு கண்கட்டு உண்டு. காலியாக இருக்கும் பகுதியைப் படிக்கச் சொன்னால் பெரும்பாலான டிரைவ்கள் செல்லைத் திறந்தே பார்க்காமல் பூஜ்யங்களைத் திருப்பித் தந்துவிடும். அங்கே கோடு உச்சியில் நிற்கும். அதைப் பார்த்து டிரைவ் நன்றாக இருக்கிறது என்று மகிழ வேண்டாம்.

6. மற்ற சந்தேக நபர்களையும் விசாரித்துவிடுங்கள். வெளியே செருகும் எஸ்எஸ்டி என்றால் யூஎஸ்பி 2.0 போர்ட்டில் செருகியிருக்கிறீர்களா என்று பாருங்கள், அதில் 40 எம்பியைத் தாண்டுவதே அரிது. வாட்ஸ்அப் படங்கள் மாதிரி ஆயிரக்கணக்கான சின்ன ஃபைல்கள் எந்த டிரைவிலும் மெதுவாகத்தான் போகும். டிரைவ் முக்கால்வாசிக்கு மேல் நிரம்பியிருந்தால் எழுதும் வேகம் விழும், ஆனால் அது எழுதும் வேகம். படிக்கும் வேகக் குறையோடு அதைக் குழப்பிக்கொள்ளக் கூடாது. ஆன்டிவைரஸ் ஒவ்வொரு ஃபைலையும் முகர்ந்து பார்ப்பதும் உண்டு.

7. டிரைவின் உடல்நிலையைப் பார்க்க கிரிஸ்டல் டிஸ்க்இன்ஃபோ என்ற இலவச மென்பொருள் போதும். ஆரோக்கியம் எத்தனை சதவீதம், இதுவரை எத்தனை டிபி எழுதப்பட்டிருக்கிறது, எத்தனை மணி நேரம் ஓடியது என்று காட்டும். என்விஎம்இ வகை என்றால் தகவல் சேதப் பிழைகளின் எண்ணிக்கை என்று ஒரு வரி வரும். அது பூஜ்யமாக இருக்க வேண்டும். ஆரோக்கியம் 95 சதவீதம் என்று காட்டிக்கொண்டே பழைய ஃபைல் திணறலாம். அந்தச் சதவீதம் எவ்வளவு எழுதி எவ்வளவு தேய்ந்திருக்கிறது என்பதைச் சொல்கிறதே தவிர, எந்த ஃபைல் எத்தனை நாளாக அசையாமல் கிடக்கிறது என்று அதற்குத் தெரியாது.

8. தயாரிப்பு நிறுவனத்தின் மென்பொருளை நிறுவி ஃபர்ம்வேர் புதிதாக வந்திருக்கிறதா பாருங்கள். சாம்சங்குக்கு மேஜிஷியன், க்ரூஷலுக்கு ஸ்டோரேஜ் எக்ஸிக்யூட்டிவ், கிங்ஸ்டனுக்கு எஸ்எஸ்டி மேனேஜர். லேப்டாப் என்றால் சார்ஜர் செருகியிருக்க வேண்டும். பிட்லாக்கர் போட்டிருந்தால் மீட்புச் சாவியை ஒரு தாளில் எழுதி வைத்துக்கொண்ட பிறகே ஆரம்பியுங்கள்.

9. இப்போது வைத்தியம். பழைய தகவலைத் திரும்ப எழுதுவதுதான் வைத்தியம், வேறொன்றும் இல்லை. படம், வீடியோ, ஆவணங்கள் மட்டும் உள்ள டிரைவ் என்றால் எளிய வழி இது: எல்லாவற்றையும் ஹார்ட் டிஸ்குக்குக் காப்பி செய்யுங்கள். டெராகாப்பி போன்ற மென்பொருளில் ‘வெரிஃபை’ என்ற வசதி இருக்கிறது, அதைப் போட்டு மூலமும் பிரதியும் ஒன்றுதானா என்று உறுதிப்படுத்துங்கள். நாலைந்து ஃபைல்களைக் கையாலும் திறந்து பாருங்கள். பிறகு எஸ்எஸ்டியைக் குவிக் ஃபார்மட் செய்துவிட்டுத் திரும்பக் காப்பி போடுங்கள். ஃபார்மட் செய்யும்போது சரியான டிரைவ் எழுத்தைத் தேர்ந்தெடுத்திருக்கிறோமா என்று இருமுறை பார்ப்பது நல்லது. இந்த வேலையில் தகவலைத் தொலைத்தவர்கள் பெரும்பாலும் தொலைத்தது இந்த இடத்தில்தான். காப்பி செய்ததில் ஃபைலின் உருவாக்கத் தேதி மாறிவிடும் என்று பயப்பட வேண்டாம். கேமராவில் எடுத்த படத்துக்குள் எடுத்த தேதி பதிந்தே இருக்கும்.

10. அதே டிரைவுக்குள் ஒரு ஃபோல்டரிலிருந்து இன்னொன்றுக்குக் ‘கட்’ செய்து ‘பேஸ்ட்’ செய்தால் ஒரு பிரயோஜனமும் இல்லை. ஃபைலின் முகவரிதான் மாறும், செல்லில் உள்ளது அப்படியே கிடக்கும். விண்டோஸில் காப்பி செய்து, பழையதை அழித்தால் மட்டுமே புதிதாக எழுதப்படும். மேக் வைத்திருப்பவர்களுக்கு இதுவும் உதவாது. இப்போதைய மேக்குகளில் இருக்கும் ஏபிஎஃப்எஸ் முறையில், ஒரே டிரைவுக்குள் ஃபைண்டரில் காப்பி செய்தாலும் உண்மையில் இரண்டாவது பிரதி எழுதப்படாது, பழையதையே இரு பெயரில் காட்டும். இடத்தை மிச்சம் பிடிக்க வந்த நல்ல வசதி, நம் காரியத்துக்குத்தான் இடைஞ்சல். லினக்ஸில் பிடிஆர்எஃப்எஸ் பயன்படுத்துவோருக்கும் இதே கதை. வெளியே எடுத்துத் திரும்பக் கொண்டுவருவதுதான் இவர்களுக்கு வழி.

11. டீஃப்ராக் செய்தால் சரியாகுமா என்று கேட்பார்கள். ஆகாது. விண்டோஸில் உள்ள ‘ஆப்டிமைஸ்’ பட்டன் எஸ்எஸ்டியைக் கண்டால் ‘ட்ரிம்’ என்ற வேலையைத்தான் முக்கியமாகச் செய்கிறது. எந்த இடமெல்லாம் காலி என்று டிரைவுக்குத் தெரிவிக்கும் வேலை அது. எழுதும் வேகத்துக்கு நல்லது, வாரந்தோறும் தானாகவே நடக்கிறது, நடக்கட்டும். பழைய ஃபைலை அது தொடுவதில்லை.

12. விண்டோஸ் இருக்கும் ‘சி’ டிரைவை இப்படிக் காலி செய்து நிரப்ப முடியாது. குளோன்சில்லா என்ற இலவசக் கருவியால் முழு டிரைவையும் இமேஜாக வெளி ஹார்ட் டிஸ்கில் எடுத்து, அதையே திரும்ப இறக்கலாம். பழக்கமில்லாதவர்கள் தெரிந்தவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு செய்வது நலம். என்னைக் கேட்டால், சி டிரைவுக்காக இவ்வளவு மெனக்கெடத் தேவையில்லை. விண்டோஸின் ஃபைல்கள் அப்டேட்டிலேயே மாறிக்கொண்டிருக்கின்றன. தொல்லை தருவது பெரும்பாலும் படமும் வீடியோவும்தான்.

13. எதையும் வெளியே எடுக்காமல், இருந்த இடத்திலேயே படித்துப் படித்துத் திரும்ப எழுதும் கருவிகளும் உண்டு. விண்டோஸுக்கு டிஸ்க்ஃபிரெஷ், கட்டணம் செலுத்தினால் ஹார்ட் டிஸ்க் சென்டினல், ஸ்பின்ரைட். லினக்ஸில் பேட்பிளாக்ஸ் என்ற கட்டளை, அழிக்காமல் எழுதும் முறையில். கடைசியாகச் சொன்னதில் முறையைத் தவறாகக் கொடுத்தால் டிரைவே துடைக்கப்பட்டுவிடும். கட்டளை வரிகளில் கை பழகாதவர்கள் அந்தப் பக்கம் போகாதீர்கள். எந்தக் கருவியானாலும் வேலை முடியப் பல மணி நேரம் ஆகும், அதுவரை மின்சாரம் அறுபடக் கூடாது. லேப்டாப்பில் பேட்டரி காப்பாற்றும். டெஸ்க்டாப் என்றால் யூபிஎஸ் இல்லாமல் தொடங்க வேண்டாம், அதுவும் மழைக்காலத்தில்.

14. அடிக்கடி எழுதினால் எஸ்எஸ்டி தேய்ந்துவிடாதா? தேயும், ஆனால் கணக்குப் போட்டுப் பாருங்கள். சாம்சங் 870 ஈவோ 1 டிபி டிரைவுக்கு 600 டிபி வரை எழுதலாம் என்பது வாரன்டி. க்யூஎல்சி வகையான 870 க்யூவோவில் 360 டிபி. ஆண்டுக்கு ஒருமுறை முழு டிரைவையும் திரும்ப எழுதினால் பத்து ஆண்டில் சுமார் 10 டிபி செலவு. இதற்குக் கவலைப்பட வேண்டியதில்லை. மாதா மாதம் செய்வதும் வீண். வேகம் இறங்கியதா என்று ஆறு மாதத்துக்கு ஒருமுறை 4-ஆம் குறிப்பில் சொன்ன சோதனையைச் செய்து, இறங்கியிருந்தால் மட்டும் எழுதினால் போதும்.

15. பீரோவில் பூட்டி வைத்த எஸ்எஸ்டி பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். மின்சாரம் கிடைக்கும்போதாவது கன்ட்ரோலர் எதையாவது கவனிக்கும். கழற்றி வைத்துவிட்டால் கசிவு மட்டும்தான் நடக்கும், கேட்க ஆளில்லை. ஜெடெக் என்ற தர அமைப்பின் விதி இப்படி: வீட்டு உபயோக எஸ்எஸ்டி, தன் எழுதும் ஆயுளை முழுதும் தீர்த்த பிறகும், மின்சாரம் இல்லாமல் 30 டிகிரி செல்சியஸில் ஓர் ஆண்டு தகவலைக் காக்க வேண்டும். நிறுவனங்களுக்கான வகைக்கு 40 டிகிரியில் 3 மாதம். 2015-இல் இந்த அட்டவணையின் ஒரு மூலையை மட்டும் பிடித்துக்கொண்டு, ‘கரண்ட் இல்லாவிட்டால் ஒரே வாரத்தில் எல்லாம் போய்விடும்’ என்று உலகமெங்கும் செய்தி பரவியது. அது தேய்ந்து முடிந்த டிரைவைக் கடும் வெப்பத்தில் வைத்தால் ஆகும் கதை. புது டிரைவ் அதைவிடப் பல மடங்கு தாங்கும்.

ஆனால் வெப்பம் என்பதை நம் ஊரில் லேசாக எடுத்துக்கொள்ள முடியாது. விதியில் இருப்பது 30 டிகிரி. சித்திரை வெயிலில் சென்னையிலோ வேலூரிலோ மொட்டை மாடிக்குக் கீழே உள்ள அறையின் பரணில் அதற்கு மேல்தான் எப்போதும் இருக்கும். வெயிலில் நிறுத்திய காரின் டேஷ்போர்டு அதைவிட மோசம். வெப்பம் ஏற ஏறக் கசிவும் வேகம் பிடிக்கும். ஆகவே கீழ்த்தள அலமாரி, வெயில் படாத சுவர்ப் பக்கம் வையுங்கள். ஃபிரிட்ஜில் வைக்கலாமா என்று யோசிக்க வேண்டாம், வெளியே எடுத்ததும் வியர்த்து ஈரம் கோத்துக்கொள்ளும். இன்னொன்று: ஓடும்போது டிரைவ் சூடாவது தகவல் நிலைப்புக்குக் கேடில்லை. சூட்டில் எழுதிக் குளிர்ச்சியில் வைப்பதுதான் நல்லது என்று அதே அட்டவணை காட்டுகிறது. கெடுதல், சும்மா கிடக்கும்போது சூடாக இருப்பது.

16. ‘மாசத்துக்கு ஒருதரம் செருகி எடுத்தா போதும்’ என்று சொல்வார்கள். பாதிதான் உண்மை. மின்சாரம் கிடைத்தவுடன் எல்லா டிரைவும் பழைய தகவலைத் தேடிப் புதுப்பிப்பதில்லை. சிலவற்றின் ஃபர்ம்வேர் செய்யும், சிலவற்றினது செய்யாது, அட்டைப்பெட்டியிலும் போட்டிருக்காது. செருகுவதோடு நிற்காமல் முழு டிரைவையும் ஒருமுறை படிக்க வையுங்கள். வேறொரு டிஸ்குக்கு முழு பேக்கப் எடுத்தாலே படித்ததாகிவிடும். படிக்கும்போது பிழை அதிகமாகத் தென்பட்ட பகுதியைப் பல கன்ட்ரோலர்கள் தாமே வேறிடத்துக்கு மாற்றி எழுதிவிடும்.

17. பென் டிரைவும் மெமரி கார்டும் இதே சாதிதான், தரத்தில் பெரும்பாலும் ஒரு படி கீழே. கல்யாண ஸ்டூடியோக்காரர்கள் முன்பு டிவிடி கொடுத்தார்கள், இப்போது அழகான மரப் பெட்டியில் பென் டிரைவ் கொடுக்கிறார்கள். பெட்டியைப் பத்திரமாக வையுங்கள், வீடியோவை வாங்கிய அன்றே ஹார்ட் டிஸ்கில் ஏற்றிவிடுங்கள்.

18. வருடக்கணக்கில் தொடாமல் வைக்க வேண்டியவற்றுக்கு என் ஓட்டு ஹார்ட் டிஸ்குக்குத்தான். அதில் தகவல் காந்தப் பதிவாக இருப்பதால் இந்தக் கசிவுத் தொல்லை கிடையாது. கீழே போட்டால் உடையும், சுழலும் பாகம் மக்கர் செய்யும், அதெல்லாம் வேறு. அதனால் இரண்டு வாங்கி இரண்டு வீட்டில் வைப்பது உத்தமம்: ஒன்று உங்களிடம், ஒன்று அக்கா வீட்டிலோ மாமா வீட்டிலோ. எஸ்எஸ்டியை அன்றாட வேலைக்கு வைத்துக்கொள்ளுங்கள். புதிதாக வாங்கும்போது விலை வித்தியாசம் சிறிதென்றால் க்யூஎல்சியை விட்டு டிஎல்சிக்குப் போங்கள்.

19. மெதுவாக வருவது வேறு, வராமலே போவது வேறு. காப்பி நடுவில் நின்று பிழைச் செய்தி வந்தால், டிரைவ் திடீர் திடீரென்று காணாமல் போனால், திரும்ப எழுதும் கருவி எதையும் ஓட்டாதீர்கள். விண்டோஸ் ‘டிரைவைச் சரிசெய்யவா?’ என்று கேட்டாலும் சம்மதிக்காதீர்கள். முதலில் மிக முக்கியமான ஃபோல்டர்களை மட்டும் வெளியே எடுங்கள். லினக்ஸ் தெரிந்தவர் இருந்தால் டிடிரெஸ்க்யூ என்ற கருவி படிக்க முடிந்ததை எல்லாம் முதலில் எடுத்துவிட்டு, முடியாத இடங்களுக்குப் பிறகு திரும்பி வரும். அதற்கும் மசியாவிட்டால் தகவல் மீட்பு நிலையத்துக்குத்தான் கொண்டுபோக வேண்டும், செலவு டிரைவ் விலையைப் போலப் பல மடங்கு ஆகலாம்.

20. வாரன்டி காலத்துக்குள் இருந்தால் சர்வீஸ் சென்டரில் கேட்டுப் பாருங்கள். ‘மெதுவாக இருக்கிறது’ என்று வாயால் சொன்னால் அவர்கள் புதிதாக ஒரு ஃபைல் எழுதிப் படித்துப் பார்த்துவிட்டு, நன்றாகத்தான் ஓடுகிறது என்று திருப்பிக் கொடுத்துவிடுவார்கள். புது ஃபைலும் பழைய ஃபைலும் காப்பி ஆன வேகத்தை ஸ்கிரீன்ஷாட்டாக எடுத்து, டிரைவின் சீரியல் எண்ணும் தெரியும்படி பிரின்ட் போட்டுக் கொண்டுபோங்கள். டிரைவைக் கையில் கொடுக்கும் முன் வங்கி விவரம், ஆதார் நகல் போன்றவற்றை அழித்துவிடுங்கள். ஆனால் சோதனைக்குக் காட்ட வேண்டிய அந்தப் பழைய வீடியோவை மட்டும் அழிக்காமல் விட்டு வையுங்கள்.